இடிக்கலாமா, ரிப்பேர் பண்ணலாமா? பாலக்காட்டுப் பழைய வீடுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்பாத்தியிலும் பாலக்காட்டின் மற்ற கிராமங்களிலும் (அக்ரகாரத்தை இங்கே கிராமம் என்றுதான் சொல்கிறோம்) வீட்டை விற்க, பாகம் பிரிக்க, ஓடு மாற்ற நினைக்கிறவர்கள் முதலில் அக்கம்பக்கத்தில்தான் விசாரிக்கிறார்கள். ஆளுக்கு ஒரு பதில் கிடைக்கிறது. பாதி பதில் வதந்தி. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். வழக்கு என்று வந்துவிட்டால் வக்கீலைப் பாருங்கள். அதற்கு முந்தைய கட்டத்துக்கு இது உதவும்.

எங்கள் வீடு, எங்கள் பெயரில் ஆதாரம் (பத்திரம்) இருக்கிறது. இடிப்பதற்கு எதற்காக இன்னொருவரைக் கேட்க வேண்டும்?

வீடு உங்களுடையதுதான். விற்கலாம், வாடகைக்கு விடலாம், பெண்ணுக்கு எழுதி வைக்கலாம். அதற்கெல்லாம் யாரும் குறுக்கே வர மாட்டார்கள். 'பாரம்பரியப் பகுதி என்றால் அரசாங்கம் எடுத்துக்கொள்ளும்' என்பது சுத்தப் புரளி.

ஆனால் கட்டடத்தின் உருவத்தை மாற்றுவது வேறு விஷயம். அது எந்த ஊரிலும் உள்ளாட்சியின் அனுமதிக்கு உட்பட்டதுதான். கேரளத்தில் 1994-ம் ஆண்டு நகராட்சிச் சட்டம், 2016-ம் ஆண்டு நகர ஊரமைப்புச் சட்டம், 2019-ம் ஆண்டு நகராட்சிக் கட்டட விதிகள் ஆகிய மூன்றும் சேர்ந்து இதைக் கவனிக்கின்றன. சாதாரணத் தெருவில் நகராட்சிச் செயலரின் பெர்மிட்டோடு காரியம் முடிந்துவிடும். அறிவிக்கப்பட்ட பாரம்பரியப் பகுதியில் ஒரு படி கூடுதல். மாநில அரசின் கலை பாரம்பரிய ஆணையம் பிளானைப் பார்த்துக் கருத்துச் சொன்ன பிறகுதான் செயலர் கையெழுத்துப் போடுவார். இடித்துக் கட்டுவதும், மாடி ஏற்றுவதும், முகப்பை மாற்றுவதும் எல்லாம் இந்தக் கூடுதல் படிக்குள் வரும்.

எங்கள் தெரு பாரம்பரியப் பகுதியா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பழமை வேறு, பாதுகாப்பு வேறு. ஒரு தெரு எவ்வளவு பழையது என்பதால் மட்டும் அதற்குச் சட்டப் பாதுகாப்பு வந்துவிடாது. யாராவது ஒருவர் அதை அறிவித்திருக்க வேண்டும்.

கல்பாத்தி பாரம்பரியக் கிராமம் என்று அறிவிக்கப்பட்டது. கேரளத்தில் அந்தப் பெயர் பெற்ற முதல் ஊர் அது. விசுவநாத சுவாமி கோயிலின் வரலாறே 1425-ல், காசிக்குப் போய் வந்த லட்சுமி அம்மாளிடமிருந்து தொடங்குகிறது என்பார்கள். பழைய கல்பாத்தி, புதிய கல்பாத்தி, சாத்தபுரம், கோவிந்தராஜபுரம் என்று ஒட்டி ஒட்டி இருக்கும் தெருக்களில் உங்கள் வீட்டு மனை எல்லைக்கு உள்ளே வருகிறதா, வெளியே நிற்கிறதா என்பதை வாய்ப்பேச்சை வைத்து முடிவு செய்யாதீர்கள். சர்வே எண்ணைக் குறிப்பிட்டு நகராட்சியில் எழுத்து மூலம் கேளுங்கள். அந்தப் பதில் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள். நாளை வங்கிக் கடனுக்குப் போனாலும் அதைத்தான் கேட்பார்கள்.

நாங்கள் நூறணி. அறிவிப்பில் எங்கள் தெரு இல்லையென்றால்?

அப்படியானால் சாதாரணக் கட்டட விதிதான். இடிக்க விரும்புகிறவருக்கு நல்ல செய்தி, தெருவுக்குக் கெட்ட செய்தி. பாலக்காட்டுக் கிராமங்கள் 96 என்று சொல்வழக்கு. பெயர் வெளியே தெரிந்தது கல்பாத்திதான். நூறணி, சேகரீபுரம், தொண்டிகுளம் பக்கமெல்லாம் திண்ணை வைத்த வீடு போய் ஷட்டர் வைத்த கட்டடம் வருவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். அதற்கும் இதே விதியா?

இல்லை. அது மத்திய அரசின் கணக்கு. பாலக்காட்டுக் கோட்டை ஹைதர் அலி 1766-ல் கட்டியது, இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 1958-ம் ஆண்டுச் சட்டத்தை 2010-ல் திருத்தியபோது, பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டடமே கூடாது என்றார்கள். அதற்கு மேல் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. அங்கே கட்டவும் ரிப்பேர் செய்யவும் முன் அனுமதி வேண்டும். 100 மீட்டருக்குள் ஏற்கெனவே இருக்கும் வீட்டை ரிப்பேர் செய்யலாம், அதற்கும் அனுமதி வாங்க வேண்டும். மீறினால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இங்கே நகராட்சி பெர்மிட் மட்டும் கையில் இருந்தால் போதாது.

ஒரே ஒரு வீட்டை இடித்தால் தெருவுக்கு என்ன குடி முழுகிப் போகிறது?

கோபத்தில் கேட்கிற கேள்வி, ஆனால் நியாயமான கேள்வி. கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

கிராமத்து வீடுகள் தனித்தனியாக நிற்பவை அல்ல. ரயில் பெட்டிகளைக் கோத்த மாதிரி வரிசை. முகப்பு குறுகல், நீளம் அதிகம். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லை, கிணறு என்று உள்ளே போய்க்கொண்டே இருக்கும். இரண்டு வீட்டுக்கு நடுவே இருப்பது ஒரே சுவர். உங்கள் கூடத்து உத்தரத்தின் ஒரு முனை அந்தச் சுவரில் உட்கார்ந்திருக்கும். அதே சுவரின் மறுபக்கத்தில் பக்கத்து வீட்டு உத்தரம். கூரையின் முகடு தெருவுக்கு இணையாக ஓடுகிறது, வீட்டுக்கு வீடு விடாமல். மழைத்தண்ணீர் முன்பக்கம் தெருவுக்கும் பின்பக்கம் முற்றத்துக்கும் இறங்கும். பக்கவாட்டில் இறங்க வழியே வைக்கவில்லை, தேவையும் இருக்கவில்லை.

இப்போது நடுவில் ஒரு வீட்டை இடித்து கான்கிரீட் தட்டு போடுகிறார் ஒருவர். முதலில், பொதுச்சுவருக்கு ஒரு பக்கத்துத் தாங்கல் போய்விடுகிறது. மண்சாந்தில் கட்டிய சுவர், ஒரு எடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) முழுக்க நனைந்தபடி தனியாக நின்றால் என்ன ஆகும் என்று கொத்தனாரைக் கேளுங்கள். அடுத்து, புதுச் சுவர் பழைய ஓட்டுக்கு மேலே எழும்புகிறது. அந்தச் சுவரில் அடிக்கிற சாரல் முழுவதும் இரண்டும் சேர்கிற மூலையில் இறங்குகிறது. அங்கே ஒரு தகரப் பாத்தியை வைத்துச் சிமென்ட் பூசிவிட்டுப் போவார்கள். இரண்டு மழைக்குள் அது விரிசல் விடும். ஒழுகுவது புது வீட்டில் அல்ல, பக்கத்து வீட்டு மச்சில். அங்கே கழுக்கோல் (கூரையின் சாய்வுச் சட்டம்) உளுத்து, உத்தரத்தின் முனை சுவருக்குள்ளேயே இற்றுப்போய், கடைசியில் அந்த வீட்டுக்காரரும் 'இனி இடிக்க வேண்டியதுதான்' என்கிறார். ஒரு வீட்டை இடித்தால் மூன்று வீடு போகும் என்று பெரியவர்கள் சொல்வதில் மிகை இல்லை.

இன்னொன்று தேர். கல்பாத்தியின் ஐப்பசித் தேர் நாலு தெருவும் சுற்றி வரும், பின்னாலிருந்து யானை முட்டித் தள்ளும். அந்த அகலத்தைத் திண்ணை விளிம்புகள்தான் காப்பாற்றி வைத்திருக்கின்றன. மாடியில் ஒரு பால்கனி வெளியே நீட்டினாலும் தேர் திரும்புகிற இடத்தில் இடிக்கும். இந்தத் தேருக்காகத்தான் 2024-ல் பாலக்காடு இடைத்தேர்தலின் வாக்குப்பதிவையே நவம்பர் 13-லிருந்து 20-க்கு மாற்றினார்கள். தேர்தல் ஆணையமே மதித்த தேர் ஓடும் தெருவின் அகலத்தை ஒரு சன்ஷேடுக்காக விட்டுக்கொடுக்க முடியாது.

உடைந்த ஓடு மாற்றவும், வெள்ளையடிக்கவும்கூட அனுமதி வேண்டுமா?

மற்ற இடங்களில் வெள்ளையடிப்பு, பூச்சு ஒட்டுப்போடுவது, ஓட்டுக்கூரையில் சில்லறை ரிப்பேர், உள் அலங்காரம் இவற்றுக்கெல்லாம் பெர்மிட் தேவையில்லை என்று கட்டட விதியே சொல்கிறது. பாரம்பரியப் பகுதியிலும் உடைந்த ஓட்டுக்குப் பதில் அதே மாதிரி ஓடு வைப்பதை யாரும் தடுக்க மாட்டார்கள். சிக்கல் அடுத்த கட்டத்தில் தொடங்குகிறது. கூரையையே பிரித்து மேய்வது, மர ஜன்னலை அலுமினியமாக்குவது, திண்ணையை இடித்துக் கார் நிறுத்துவது, வாசல் பக்கம் கிரில் போடுவது. இவை வெளித்தோற்றத்தைத் தொடுபவை, அனுமதி கேட்டே ஆக வேண்டும்.

சந்தேகம் வந்தால் வேலை தொடங்கும் முன் முகப்பையும் கூரையையும் தேதி தெரியும்படி போட்டோ எடுத்து வைத்துவிடுங்கள். பின்னால் யாராவது புகார் கொடுத்தால் 'இருந்ததைத்தான் திரும்ப வைத்தோம்' என்று காட்ட அதைவிடச் சாட்சி கிடையாது.

சிமென்ட் பூசினால் சுவர் பலமாகும் என்கிறார் கான்ட்ராக்டர். பிறகு ஏன் சுண்ணாம்பு என்கிறார்கள்?

சுவருக்கே அதுதான் நல்லது. வெட்டுக்கல்லும் (செம்புரைக்கல்) மண்சாந்தும் சேர்ந்த பழைய சுவர் மழைக்காலத்தில் ஈரத்தை இழுக்கும், வெயில் வந்ததும் வெளியே விடும். சுண்ணாம்புப் பூச்சு அதற்கு இடம் கொடுக்கிறது. சிமென்ட் இடம் கொடுக்காது. உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் மேலே ஏறும், உப்புப் பூக்கும், நாலைந்து வருஷத்தில் பூச்சு பாளம் பாளமாகப் பெயரும். பெயரும்போது சுவரின் மேல்தோலையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும். பிறகு 'சுவர் சரியில்லை, இடித்துவிடலாம்' என்று சொல்வதும் அதே கான்ட்ராக்டர்தான்.

சுண்ணாம்புக்கு ஆள் கிடைப்பது கஷ்டம் என்பது உண்மை. நீற்றி ஊறவைக்க நாள் பிடிக்கும், மெதுவாகத்தான் இறுகும், துலாவர்ஷத்துக்கு (வடகிழக்குப் பருவமழை) நடுவில் தொடக்கூடாது. தை, மாசியில் வைத்துக்கொள்ளுங்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் சேர்க்கிற பழைய கைமுறை தெரிந்தவர்கள் கோயில் திருப்பணிகளில் வேலை செய்கிறார்கள். அங்கே விசாரித்தால் நம்பர் கிடைக்கும்.

வீட்டின் நிலை எப்படி என்று நாங்களே பார்க்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். எடவப்பாதிக்கு முன்னால் மச்சில் ஏறி, உத்தரம் சுவருக்குள் நுழைகிற இடத்தில் ஒரு ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்திப் பாருங்கள். நல்ல தேக்கு என்றால் நுனிகூட இறங்காது. கால் அங்குலம் புகுந்தால் உள்ளே இற்றிருக்கிறது. நடுவில் திடமாகத் தெரியும், முனையில்தான் போயிருக்கும். முனையை மட்டும் வெட்டி ஒட்டுப்போடுகிற ஆசாரிகள் இன்னும் இருக்கிறார்கள். மொத்த உத்தரத்தையும் மாற்றச் சொல்கிறவரைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள்.

ரிப்பேருக்குக் கொடுத்த ஃபைல் நகரவே இல்லை. என்ன செய்வது?

இந்த விதிகளில் எனக்கு இருக்கிற பெரிய மனக்குறை இதுதான். இடிப்பதற்கான மனுவும் ரிப்பேருக்கான மனுவும் ஒரே வரிசையில் நிற்கின்றன. இரண்டும் 300 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் திருவனந்தபுரத்து ஆணையத்தின் தலையசைப்புக்குக் காத்திருக்கின்றன. இடிக்க நினைக்கிறவருக்குத் தாமதம் நஷ்டமில்லை. பூட்டிப் போட்டுவிட்டுக் காத்திருப்பார், மழை அவருக்காக வேலை செய்யும். ரிப்பேர் செய்து குடியிருக்க நினைக்கிறவருக்குத்தான் ஒவ்வொரு மழையும் செலவு. பாதுகாக்க நினைக்கிறவரைத் தண்டிக்கிற பாதுகாப்பு இது. ரிப்பேருக்குச் சீக்கிரம் 'சரி' என்று சொல்லத் தெரியாத விதி, இடிப்பதற்கு எவ்வளவு உரக்க 'கூடாது' என்றாலும் வீடு நிற்காது.

நடைமுறையில் செய்யக்கூடியது: கேரள நகராட்சிகளில் 2024 ஜனவரி முதல் கே-ஸ்மார்ட் என்ற ஆன்லைன் சேவை வந்துவிட்டது. மனு யார் மேசையில் இருக்கிறது என்று அதில் பார்க்கலாம். லைசென்சியின் (பிளான் போட்டுக் கையெழுத்திடும் உரிமம் பெற்றவர்) மொபைலில் மட்டும் கணக்கை வைக்காமல் உங்கள் எண்ணையும் கொடுங்கள். அசையவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, 'என் மனு எந்தத் தேதியில் யாருக்கு அனுப்பப்பட்டது, அதில் எழுதப்பட்ட குறிப்பின் நகல் வேண்டும்' என்று கேளுங்கள். 'ஏன் தாமதம்?' என்று கேட்காதீர்கள், 'காரணம் பதிவில் இல்லை' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். நகல் கேட்டால் 30 நாளில் கொடுத்தாக வேண்டும். பல சமயம் அந்த 30 நாளுக்குள் ஃபைலே நகர்ந்துவிடும். செயலரே மறுத்து உத்தரவு போட்டால், உள்ளாட்சி அமைப்புகளுக்கான தீர்ப்பாயம் திருவனந்தபுரத்தில் இருக்கிறது. மேல்முறையீட்டுக்குக் காலக்கெடு உண்டு. உத்தரவு கைக்கு வந்த தேதியை உறையோடு வைத்திருங்கள்.

சின்ன வீடுகளுக்குச் சுயசான்று முறையில் உடனே பெர்மிட் கிடைக்கிறதாமே, அதில் போட்டுவிடலாமா?

வேண்டாம். பாரம்பரியப் பகுதி என்பதை மறைத்து வாங்கிய பெர்மிட், புகார் வந்த அன்றே ரத்தாகும். அதற்குள் அஸ்திவாரம் போட்டிருப்பீர்கள். கையெழுத்துப் போட்ட லைசென்சிக்கும் வம்பு.

வீடு விழும் நிலை. நகராட்சியே 'அபாயகரமான கட்டடம்' என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டது. இனி இடித்துத்தானே ஆக வேண்டும்?

நோட்டீஸை முழுதாகப் படியுங்கள். 'இடிக்கவும், அல்லது பழுது பார்த்துப் பாதுகாப்பாக்கவும்' என்று இரண்டும் இருக்கும். பெரும்பாலோர் முதல் வார்த்தையோடு நிறுத்திவிடுகிறார்கள். சிலர் அந்த நோட்டீஸைத் தாங்களே கேட்டு வாங்குகிறார்கள் என்பதும் தெருவுக்குத் தெரிந்த ரகசியம்.

உடனே செய்ய வேண்டியது முட்டுக்கொடுப்பது, பாதசாரிகள் பக்கம் தடுப்பு வைப்பது, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரிடம் எழுத்தில் அறிக்கை வாங்குவது. எந்தப் பகுதி மட்டும் ஆபத்து என்று அந்த அறிக்கை சொல்ல வேண்டும். முன்கூரை தொங்குகிறது என்பதற்காகப் பின்கட்டை இடிக்க யாருக்கும் அதிகாரம் வராது. அதேசமயம், உயிருக்கு ஆபத்து என்றால் வாதம் செய்துகொண்டு உள்ளே உட்காராதீர்கள். புதுச்சேரியில் மேரி என்கிற பழைய நகராட்சிக் கட்டடம் வருஷக்கணக்காகச் சீர் செய்யப்படாமலே நின்று 2014 நவம்பரில் மழையில் தானாகவே சரிந்தது. அதே வடிவத்தில் புதிதாகக் கட்டித் திறந்தது 2021-ல்.

வீட்டில் ஆறு பங்கு. ஒருவர் மும்பை, ஒருவர் அமெரிக்கா. ஒருவர் மட்டும் இடிக்கச் சொல்கிறார்.

கேரளத்தில் கூட்டுக்குடும்பச் சொத்துமுறை 1976 டிசம்பர் 1 முதல் சட்டப்படி கிடையாது. அன்றைக்கு இருந்த கூட்டுச் சொத்து அவரவர் பங்காகிவிட்டது. ஆகவே 'மூத்தவர் சொன்னால் சரி' என்பது செல்லாது. பெர்மிட் மனுவில் எல்லாப் பங்குதாரர் கையெழுத்தும் வேண்டும், இல்லையென்றால் முறையான அதிகாரப் பத்திரம் வேண்டும். சம்மதிக்காத பங்குதாரர் செயலருக்கு ஒரு ஆட்சேபக் கடிதம் கொடுத்தாலே ஃபைல் நிற்கும். இது இடிப்புக்கும் தடை, ரிப்பேருக்கும் தடை. பூட்டிக் கிடக்கும் வீடுகளில் பெரும்பாலானவை பாகம் முடியாமல்தான் பூட்டிக் கிடக்கின்றன. பாகத்தை முடிக்க நாளாகும் என்றால், ஓடு பார்ப்பதற்கும் கரையான் மருந்து அடிப்பதற்கும் மட்டுமாவது ஒரே ஆளுக்குப் பவர் எழுதிக் கொடுங்கள்.

பக்கத்து வீட்டில் சனிக்கிழமை ராத்திரி ஜேசிபி வந்துவிட்டது. யாருக்கு போன் செய்வது?

எப்போதுமே சனிக்கிழமைதான், இல்லையா? ஓணம் விடுமுறை என்றால் இன்னும் வசதி. முதலில் வீடியோ, அதில் தேதியும் நேரமும் தெரிய வேண்டும். நகராட்சிச் செயலருக்கு வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் புகார். வார்டு கவுன்சிலரை நேரில் கூட்டி வாருங்கள். பொதுச்சுவரைத் தொட்டால் உங்கள் உயிருக்கும் உடைமைக்கும் ஆபத்து என்று போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுங்கள். பாரம்பரியம் என்ற பேச்சுக்கு ஸ்டேஷனில் அவ்வளவு மதிப்பில்லை, சுவர் விழும் என்றால் வருவார்கள். திங்கட்கிழமை சிவில் கோர்ட்டில் தற்காலிகத் தடை கேட்கலாம்.

விடுமுறை நாளில் இடிப்பது உலகம் முழுக்க உள்ள வித்தை. லண்டனில் ஃபயர்ஸ்டோன் டயர் கம்பெனியின் அழகான பழைய தொழிற்சாலையைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கும் உத்தரவு கைக்கு வரும் முன், 1980 ஆகஸ்ட் நீண்ட வார விடுமுறையில் முகப்பை நொறுக்கிவிட்டார்கள். அதே லண்டனில் கார்ல்டன் டாவர்ன் என்ற மதுக்கடையை 2015 ஏப்ரலில் அனுமதியில்லாமல் இடித்தபோது வேறு கதை நடந்தது. வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில், இருந்தது இருந்தபடியே செங்கல் செங்கலாகத் திரும்பக் கட்டு என்று உத்தரவு போட்டது. இடிப்பதற்கு முன்பே அதிகாரிகள் அந்தக் கட்டடத்தை விவரமாகப் பதிவு செய்து வைத்திருந்ததால் அது முடிந்தது. 2021-ல் கடை திரும்பத் திறந்தது. மேலே போட்டோ எடுத்து வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

கோர்ட்டுக்குப் போனால் நிற்குமா?

நிற்கும், ஆனால் பட்டியல் வேண்டும். சென்னை அண்ணா சாலையில் பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடத்தை 2006-ல் இடிக்கத் தொடங்கினார்கள். பாரம்பரியப் பாதுகாப்புக்கான இன்டாக் அமைப்பு உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கியது, 2010-ல் தீர்ப்பும் கட்டடத்துக்குச் சாதகமாக வந்தது. ஹைதராபாத்தில் பாரம்பரியக் கட்டடங்களுக்கான விதியை 2015-ல் அரசே நீக்கிவிட்டது. அப்படியும் ஏரம் மன்ஸிலை இடித்துச் சட்டமன்றம் கட்டும் முடிவை 2019-ல் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் ஒன்று: தடையுத்தரவு வீட்டை இடிக்காமல் வைக்கும், ஒழுகாமல் வைக்காது.

எல்லா வீட்டுக்கும் ஒரே கட்டுப்பாடு என்பது அநியாயம் இல்லையா?

அநியாயம்தான். மும்பையில் 1995-ல் பாரம்பரிய விதிகள் கொண்டுவந்தபோது கட்டடங்களை மூன்று தரமாகப் பிரித்தார்கள். முதல் தரத்தில் கிட்டத்தட்ட எதையும் தொடக்கூடாது. இரண்டாம் தரத்தில் உள்ளே தேவைக்கு மாற்றலாம். மூன்றாம் தரத்தில் இன்னும் தாராளம். மத்திய அரசின் 2016 மாதிரிக் கட்டட விதிகளிலும் இந்தத் தரப் பிரிப்பு இருக்கிறது. கல்பாத்தியிலும் வீடு வீடாக இப்படித் தரம் குறித்துவிட்டால், உள்ளே அட்டாச்டு பாத்ரூம் கட்டுவதற்குத் தலைநகரம் வரை ஃபைல் போக வேண்டியிருக்காது. எண்பது வயது அம்மாவை ராத்திரியில் கொல்லைப்புறம் வரை நடத்திக் கூட்டிப் போகிறவருக்கு முகப்பின் அழகைப் பற்றிப் பாடம் எடுக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

இடிக்க விடவில்லை என்றால் நஷ்டஈடு உண்டா?

கையில் காசாகக் கிடைப்பது இங்கே அரிது. மும்பையில் கட்ட முடியாமல் போன பரப்பளவை வேறு இடத்தில் கட்ட விற்கும் உரிமையாகக் கொடுக்கிறார்கள். நிலத்துக்கு அங்கே இருக்கும் விலை இங்கே இல்லாததால் அது நமக்குப் பெரிய பயன் தராது. புதுச்சேரி வைசியாள் வீதியில் செய்தது நமக்குப் பொருந்தும். வரிசையாக உள்ள தமிழ் வீடுகளின் முகப்பையும் திண்ணையையும் சீர் செய்ய, வீட்டுக்காரர் ஒரு பங்கும் திட்டம் ஒரு பங்கும் போட்டார்கள். 2008-ல் அதற்கு யுனெஸ்கோ விருது கிடைத்தது.

அக்ரகாரம் மட்டும்தான் பாரம்பரியமா?

இல்லவே இல்லை. பாலக்காட்டில் தமிழ் பேசும் ராவுத்தர் தெருக்களும் பழைய அங்காடித் தெருக்களும் இருக்கின்றன. இதே மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் நெசவாளர் வரிசை வீடுகள் இருக்கின்றன, அங்கே தறிக்குழி தோண்டிய முன்கூடம்தான் வீட்டின் மையம். எந்தப் பட்டியலிலும் இவற்றைப் பற்றிப் பேச்சில்லை. தேர் ஓடுகிற தெருவுக்கு டூரிஸ்ட் வருகிறார், அதனால் 'பாரம்பரியக் கிராமம்' என்ற பலகை வந்தது. தறி ஓடிய தெருவுக்கு யாரும் வரவில்லை. பட்டியல் தயாரிக்கும் குழு வந்தால் இந்தத் தெருக்காரர்களும் மனு கொடுக்க வேண்டும்.

மலையாளத்தில் எழுத வராது. தமிழில் மனு கொடுக்கலாமா?

கொடுக்கலாம். கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969-ன்படி, மாநிலத்தின் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தங்கள் மொழியில் எழுதலாம். மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்கும் எழுதலாம். பதிலும் அதே மொழியில் வர வேண்டும். பிளானில் உள்ள குறிப்புகளை மட்டும் லைசென்சியே மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ போட்டுவிடுவார்.

வாளையார் தாண்டி, தமிழ்நாட்டுப் பக்கம் என்ன நிலை?

அங்கே மாநிலத் தொல்லியல் துறைக்கு 1966-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, பாரம்பரிய ஆணையத்துக்கு 2012-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. எல்லைக்கோடு எப்போதும் கட்டடத்தோடு ஒத்துப்போவதில்லை. பத்மநாபபுரம் அரண்மனை 1956 நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டு மண்ணில் இருக்கிறது, ஆனால் இன்றும் அதைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. அரண்மனைக்கு இரண்டு மாநிலம் அக்கறை காட்டுகிறது. அதன் வாசலில் இருந்து கொஞ்சம் தள்ளிப் போனால் தக்கலை, நாகர்கோவில் பக்கத்து மர முகப்பு வீடுகள் பிரித்து மரக்கடைக்குப் போகின்றன. கதவும் தூணும் தனித்தனி விலையில் ரிசார்ட்டுகளுக்கு ஏறுகின்றன.

வார்டு கவுன்சிலரால் என்னதான் செய்ய முடியும்?

நினைப்பதைவிட அதிகம். நகரத் திட்டமிடல் 1992-ம் ஆண்டு 74-வது அரசியல் சட்டத் திருத்தத்தின் பன்னிரண்டாம் அட்டவணையில் முதல் இனமாக இருக்கிறது. ஆகவே 'எல்லாம் மேலே' என்று அவர் கைவிரிக்க முடியாது. கவுன்சிலில் தீர்மானம் கொண்டுவரச் சொல்லுங்கள்: அனுமதி தேவையில்லாத ரிப்பேர் எவை என்று ஒரு பக்கத் தாளாக நகராட்சியே அச்சிட வேண்டும். சிறு மனுக்களைப் பாலக்காட்டிலேயே முடிக்கும் உள்ளூர்க் குழுவுக்கு அரசிடம் அதிகாரம் கேட்க வேண்டும். இரண்டில் முதலாவதற்கு யார் அனுமதியும் வேண்டாம், அடுத்த கூட்டத்திலேயே முடிக்கலாம். ஐப்பசியில் தேருக்கு வந்து கும்பிட்டுவிட்டுப் போகும்போதே மனுவை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். நகலில் கையெழுத்து வாங்க மறக்காதீர்கள்.